மின்னஞ்சலுக்குச் சம்பந்தம் பேசியவர்

வாசகரே, யாழ்ப்பாணக் குடாநாட்டில் எந்த மண்ணிலும் செழித்து வளரும் ஓர் இனத்தை இன்று உங்கள் முன் வைக்கிறேன். செம்மண், மணல், களி என்ற பேதம் இதற்குக் கிடையாது. தண்ணீர் வேண்டாம், பசளை வேண்டாம். கையில் ஒரு தொலைபேசியும் வெளிநாட்டில் நாலு உறவும் இருந்தால் போதும், மாரி கோடை பாராமல் தழைக்கும். இனத்தின் பெயர் கேட்டுச்செய்வார். "எதுக்கும் ஒருக்காக் கேட்டுச் செய்வம்" என்பது இதன் கூவல். குயிலுக்காவது கூவுகிற காலம் என்று ஒன்று உண்டு. இதற்கு அதுவும் இல்லை.

கேட்டுச்செய்வார் முட்டாள் அல்லர். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் இவரை வேறு இனங்களோடு கலந்துவிடுவீர்கள். முட்டாள் ஒருவரையும் கேட்காமல் தன் சொந்தப் புத்தியில் ஒரு பிழை விடுவான். கேட்டுச்செய்வாரோ ஊரிலும் உலகத்திலும் உள்ள அத்தனை பேரையும் கேட்டு, அவரவர் பிழையை ஒன்றுகூடச் சிந்தாமல் ஏந்தி வந்து, எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பிழையாக விடுவார். அதற்கு உழைப்பு வேண்டும். பொறுமை வேண்டும். நல்ல இணைய இணைப்பும் வேண்டும்.

சாவகச்சேரிச் சந்தையில், கொட்டுகிற மழையில், குடைக் கடைக்கு முன்னால் நனைந்துகொண்டு, தொலைபேசியை மட்டும் சட்டைக்குள் ஒளித்து வைத்து, "மச்சான், கறுப்போ நீலமோ?" என்று கேட்டுக்கொண்டு நிற்கிற ஒருவரை நீங்கள் கண்டிருப்பீர்கள். கறுப்பு வெயிலை இழுக்கும் என்பார் மச்சான். நீலம் சாயம் போகும் என்பார் மச்சானின் தமையன். குடையே கூடாது, மழைச்சட்டைதான் திறம் என்பார் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிற முன்பின் தெரியாத ஒருவர், கேட்காமலே. அதற்குள் மழை விட்டுவிடும். நம்மவரும், "பாத்தீரே, அந்தரப்பட்டு வாங்காமல் விட்டது நல்லதாய்ப் போச்சு" என்று சொட்டச் சொட்ட வீடு போய்ச் சேருவார்.

இதுவரைக்கும் தீங்கில்லை, ஒரு தடிமன் தும்மலோடு போய்விடும். ஆனால் இந்த இனத்துக்கு இரண்டாவது விதி ஒன்று உண்டு, சனியன் அங்கேதான் குடியிருக்கிறார். கேட்டால் மட்டும் போதாது. யாரைக் கேட்டாரோ அவரின் சொல்லைத் தட்டவும் கூடாது. "என்னட்டைக் கேட்டுப்போட்டுப் போய் மற்றவன்ரை சொல்லைச் செய்தவன்" என்பது நம்மிடையே கொலைக்குற்றத்துக்கு ஓர் அங்குலம் கீழே உள்ள குற்றம். கொலைக்காவது மன்னிப்பு உண்டு, சிறையில் நன்னடத்தை உண்டு. இதற்குக் கொள்ளுப்பேரன் காலம்வரை பேச்சுவார்த்தை நிறுத்தம்தான்.

ஆகவே ஒருவரைக் கேட்டால் ஒரு கட்டு. மூவரைக் கேட்டால்?

கொடிகாமத்துச் சிவரூபனைப் பார்ப்போம். இனத்தின் பழுதில்லாத மாதிரி இவர்.

சிவரூபனும் மனைவி தயாளினியும் முருங்கையிலையைப் பதமாக உலர்த்தி, அரைத்து, தூளாக்கி விற்கிறார்கள். நிறுவனத்தின் பெயர் பசுந்தளிர். இலை வாங்குவது, உலர்த்துவது, அரைப்பது, பொதிசெய்வது, வேலைக்கு வருகிற பெண்களைப் பார்ப்பது, இயந்திரம் இரைந்தால் உதைப்பது எல்லாம் தயாளினி. நிர்வாகம் சிவரூபன். நிர்வாகம் என்றால் தொலைபேசி.

யாழ்ப்பாணத்தில் நடந்த ஒரு கண்காட்சிக்கு நோர்வேயிலிருந்து இங்கிரிட் என்றொரு அம்மையார் வந்தார். ஆரோக்கிய உணவுக் கடைகளுக்குச் சாமான் எடுத்துக் கொடுப்பவர். தூளை நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார். திறந்து, "தொடர்ந்து தர முடியுமா?" என்றார். தயாளினி உடனே தலையாட்டி "ஓம்" என்றாள். சிவரூபன், "கேட்டுச் சொல்லுறன்" என்றார். நல்லவேளையாக அம்மையாருக்குத் தமிழ் தெரியாது.

மின்னஞ்சல் விலாசம் கேட்டபோதுதான் சங்கடம் வந்தது. சிவரூபனிடம் இருந்தது, இளந்தாரிக் காலத்தில் இணையக் கடை ஒன்றில் ஒரு மணித்தியாலத்துக்கு வாடகைக்கு இருந்து எடுத்த இலவச விலாசம். பிரின்ஸ்-ரூபன்-லவ்லி என்று தொடங்கும். அம்மையார் அதை எழுத்தெழுத்தாக வாசித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"யார் இந்தப் பிரின்ஸ்?"

"ஏற்றுமதிப் பிரிவுப் பொறுப்பாளர்" என்றார் சிவரூபன், கண் வெட்டாமல்.

அம்மையார் சிரிக்கவில்லை. இப்படிப்பட்ட விலாசத்துக்குத் தங்கள் அலுவலகம் ஓடர் அனுப்பாது, நிறுவனத்தின் சொந்தப் பெயரில் ஒரு விலாசம் எடுங்கள், எடுத்ததும் அறிவியுங்கள், மழைக்காலத்துக்கு முன் முதல் ஓடர் வரும் என்று தன் பெயரட்டையைத் தயாளினியின் கையில் வைத்துவிட்டுப் போனார். பசுந்தளிரின் வாழ்வு இப்போது அந்த விலாசத்தில் தொங்கியது. ஓடர் வந்தால் உலர்த்தும் அறை மாரி முழுவதும் ஓடும், வேலைக்கு வரும் பெண்களுக்கும் வேலை இருக்கும். வராவிட்டால் அறையைப் பூட்டி, அவர்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான்.

"இண்டைக்கே சாவகச்சேரிக்குப் போய்க் கஜானியிட்டைச் சொல்லி ஒண்டை எடுத்துக்கொண்டு வாங்கோப்பா" என்றாள் தயாளினி. கஜானி சந்தைக்குப் பின்பக்கம் கணினிக் கடை வைத்திருப்பவள். "தேத்தண்ணி ஆறமுதல் செய்து தந்திடுவாள்."

"இஞ்சரும், உது கத்தரிக்காய் வாங்கிற மாதிரியே? உது கலியாணம் மாதிரி. ஒரு மின்னஞ்சல் கம்பனியைக் கட்டினால் கட்டினதுதான். பேந்து கடிதம் முழுக்கத் தூக்கிக்கொண்டு இன்னொரு கம்பனியிட்டை ஓடேலுமே?"

"அப்ப என்னைக் கட்டமுதலும் உப்பிடித்தான் விசாரிச்சனீங்களோ?"

"பின்னை? விசாரியாமல் கட்டுவினமே?"

"என்ன சொன்னவை?"

"எல்லாரும் ஓமெண்டுதான் சொன்னவை. ரெண்டு பேர்தான் வேண்டாமெண்டவை."

"ஆர் அந்த ரெண்டு பேர்?"

சிவரூபனுக்குத் திடீரென்று வெளியே வேலை வந்துவிட்டது.

விசாரணை ஊரிலேயே தொடங்கியது. முதலில் இளைப்பாறிய தபாலதிபர் வின்சன்ற் ஐயா. ஏன் அவர்? தபால்தானே! அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "முத்திரை இல்லாமல் வாற கடிதத்துக்கு ஆர் பொறுப்பு, தம்பி? துலைஞ்சு போனால் ஆரிட்டைப் பெட்டிசம் போடுவாய்?" என்று கேட்டார். பதில் இல்லாத கேள்வி. பதில் இல்லாததால் அது ஆழமான கேள்வி என்று முடிவு செய்து, சிவரூபன் மோட்டார்சைக்கிளில் மருதனார்மடத்துக்குப் போனார். அங்கே சந்தையில் வெங்காயம் மொத்தமாக ஏற்றுகிற ஒருவருடைய பெயரட்டையில் நிறுவனத்தின் பெயரிலேயே மின்னஞ்சல் இருப்பதாகக் கேள்வி. இருந்தது உண்மை. "உது மகள் போட்டுத் தந்தது. மகள் பிரான்சிலை. நான் இன்னும் திறந்து பாக்கேல்லை" என்றார் வெங்காயக்காரர், பெருமையோடு.

அடுத்ததாகக் கம்பனிகளையே நேரடியாக விசாரிக்கத் தொடங்கினார். ஒரு கம்பனியின் உதவிப் பிரிவுக்கு அழைப்பு எடுத்தபோது, அதிர்ஷ்டவசமாகத் தமிழ் தெரிந்த ஒரு பெண் கிடைத்தாள். கட்டணம், பாதுகாப்பு, இடவசதி என்று பாவம் பாடமாக்கியதெல்லாம் ஒப்புவித்தாள். நம்மவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் கிடக்கட்டும் பிள்ளை, உங்கடை கம்பனி எவடம்?" என்றார்.

"கணினிகள் சிங்கப்பூரில் இருக்கு சேர்."

"சிங்கப்பூரோ! நல்லது, நல்லது. எங்கடை அப்பப்பா மலாயாவிலை வேலை செய்து பென்சன் எடுத்தவர். சிங்கப்பூரிலை எவடம்?"

"சேர்?"

"தொடங்கினவர் ஆர் எண்டு கேக்கிறன். ஆள் எப்பிடி? குடிவெறி ஏதும் உண்டோ?"

இணைப்பு அறுந்தது. "பாத்தீரே, உண்மையைக் கேட்டால் போனை வைக்கினம்" என்றார் சிவரூபன், தயாளினியைப் பார்த்து. தயாளினி இலையைப் பார்த்தாள்.

இவையெல்லாம் முற்றத்து விசாரணை. உள்வீட்டு விசாரணை இனித்தான். அதற்குரிய நீதியரசர்கள் மூவர்: ரொறன்ரோவில் அண்ணை நடராசா, லண்டனில் தயாளினியின் தம்பி கிருஷாந், சுவிஸில் சித்தப்பா அடைக்கலநாதன். இந்த மூவரையும் கேட்காமல் சிவரூபன் கிணற்றுக்கு வாளியும் மாற்றியதில்லை.

கனடா அண்ணை ஒரு பெரிய கம்பனியைச் சொன்னார். "எங்கடை வேலைத்தலத்திலை முழுப்பேரும் உதுதான். கண்ணை மூடிக்கொண்டு போடு." அண்ணை வேலை செய்வது ஒரு களஞ்சியத்தில், பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் வண்டி ஓட்டுகிறார், அவருக்கு அங்கே மின்னஞ்சல் விலாசம் கிடையாது. அதனாலென்ன? மற்றவர்கள் பாவிப்பதைத் தினமும் பார்க்கிறாரே.

லண்டன் மச்சான் இன்னொரு பெரிய கம்பனியைச் சொன்னார். "அத்தான், அதிலை கலண்டர் இருக்கு, வீடியோக் கூட்டம் வைக்கலாம், ஐம்பது பேர் ஒரே கடுதாசியிலை ஒரேநேரம் எழுதலாம்." ஐம்பது பேர் ஒரே கடுதாசியில் ஒரே நேரத்தில் எழுதுவதை நினைத்தபோது சிவரூபனுக்குப் புல்லரித்தது. அவருடைய இலட்சியமே அதுதானே!

சுவிஸ் சித்தப்பா இரண்டையும் கேட்டுச் சிரித்தார். "உதுகள் உன்ரை கடிதத்தை உடைச்சு வாசிக்கும், தம்பி. நான் சொல்லுறது மலையைக் குடைஞ்சு உள்ளுக்கை கொம்பியூட்டர் வைச்சிருக்கிற கம்பனி. கடவுளே வந்தாலும் வாசிக்கேலாது." முருங்கையிலைத் தூளில் என்ன இராணுவ இரகசியம் என்று நீங்கள் கேட்கலாம். சிவரூபன் கேட்கவில்லை. சித்தப்பாவைக் குறுக்குக் கேள்வி கேட்பது குடும்ப வழக்கம் இல்லை.

இத்தோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. மூவரும் நல்ல மனிதர்கள், அதுதான் கேடு. "முதல் வருசத்துக் காசை நான் கட்டுறன், நீ யோசியாதை" என்று மூன்று நாடுகளிலிருந்தும் மூன்று கடனட்டைகள் தட்டப்பட்டன. இனி எதை விடுவது? எவரை வெட்டுவது? சொல்லுங்கள். நீங்களானால் யாரை வெட்டுவீர்கள்? பார்த்தீர்களா, உங்களுக்கும் வாய் வரவில்லை.

கஜானியின் கடைக்குப் போனார் சிவரூபன்.

"மூண்டையும் போடு பிள்ளை."

"ஒரு விலாசத்துக்கோ அண்ணை?"

"ஓம். ஒரே விலாசம். மூண்டு கம்பனி."

கஜானி திருப்புளியைக் கீழே வைத்தாள். "அண்ணை, ஒரு வீட்டுக்கு வாற கடிதத்தை மூண்டு தபால்காரரிட்டைக் குடுக்கேலாது. உங்கடை விலாசத்துக்கு வாற கடிதம் எந்தக் கம்பனிக்குப் போகவேணுமெண்டு நாங்கள் எழுதி வைக்கவேணும். மூண்டையும் எழுதலாம்தான், ஆனால் முன்னுரிமை இலக்கம் போடவேணும். முதலாவது படுத்தால் ரெண்டாவதுக்குப் போகும், ரெண்டாவதும் படுத்தால் மூண்டாவதுக்கு."

"ஆர் முதலாவது?"

"அதை நீங்கள்தான் சொல்லவேணும்."

சிவரூபனுக்கு வியர்த்தது. ஏன் வியர்த்தது என்று வெளியூரார் கேட்கக்கூடும்; நமக்குத் தெரியும். மரண அறிவித்தலில் மருமக்களின் பெயர் வரிசை மாறியதற்காகச் செத்தவீட்டிலிருந்து சாப்பிடாமல் எழும்பிப் போனவர்களின் ஊர் இது. கலியாணக் கார்ட்டில் தாய்மாமன் பெயர் இரண்டாவது வரியில் வந்ததால், முதலாவது வரிக்காரரின் வீட்டுக்கு முன்னால் போகிற தெருவையே பாவிக்காமல் சுற்றிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட பூமியில் அண்ணைக்கு ஒன்று, மச்சானுக்கு இரண்டு, சித்தப்பாவுக்கு மூன்று என்று இலக்கம் போடுவதா? அதையும் உலகமெல்லாம் பார்க்கக்கூடிய இணையத்தில்?

"எல்லாருக்கும் ஒரே இலக்கம் போடு."

"அண்ணை, ஒரே இலக்கம் போட்டால் வாற கடிதம் மூண்டிலை எங்கை விழுமெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. ஒருநாள் இஞ்சை, ஒருநாள் அங்கை."

"விழட்டும். ஆனால் ஒருத்தரையும் குறைக்கக் கூடாது."

"விசர்க்கதை கதைக்காதையுங்கோ அண்ணை."

"பிள்ளை, நீ போடு. குடும்பம் எண்டால் உனக்கு விளங்காது. நீ இன்னும் கட்டேல்லை."

கஜானி கதிரையை இழுத்துக் கணினிக்கு முன்னால் இருந்தாள். பிறகு, சொன்னதைச் செய்து கொடுத்துவிட்டுச் சொன்னதற்குரிய கூலியையும் எடுத்துக்கொள்ளும் நேர்மையான வியாபாரி ஆகையால், போட்டுக் கொடுத்தாள்.

அன்றிலிருந்து பசுந்தளிரில் தபால் முறை தொடங்கியது. சகோதரர்கள் கோவிலில் முறை வைத்துப் பூசை செய்விப்பதுபோல, சிவரூபன் முறை வைத்துப் பெட்டி திறந்தார். ஒரு நாள் கனடாப் பெட்டி, மறுநாள் லண்டன் பெட்டி, அதற்கடுத்த நாள் சுவிஸ் பெட்டி. ஒரே நாளில் மூன்றையும் திறந்தால் என்ன என்று தயாளினி கேட்டாள். முதலில் எதைத் திறப்பது என்ற கேள்வி அப்போதும் வரும் என்று சிவரூபன் விளக்கினார். சுவிஸ் பெட்டியைத் திறக்கக் கடவுச்சொல்லோடு ஓர் இரகசிய இலக்கமும் வேண்டும். அது பாதுகாப்புக் கருதிச் சித்தப்பாவின் தொலைபேசிக்குப் போகும். சித்தப்பாவுக்கோ இரவில் காவல் வேலை, பகலில் நித்திரை. ஆகவே சுவிஸ் முறை வரும் நாளெல்லாம் பெட்டி திறவாமலே கும்பிட்டுவிட்டு விடப்பட்டது.

தயாளினி விலாசத்தை அறிவித்ததும் இங்கிரிட் அம்மையாரின் ஓடர் வந்தது. எங்கே விழுந்தது என்று நான் சொல்லவும் வேண்டுமா? மலையைக் குடைந்து, உள்ளுக்குள், கடவுளுக்கும் எட்டாத இடத்தில் விழுந்தது.

பதில் போகாததால் அம்மையார் இரண்டாவது கடிதம் எழுதினார். அது லண்டன் பெட்டியில் விழுந்தது. லண்டன் முறை நாளில் சிவரூபனின் கண்ணிலும் பட்டது. ஓடர் கிடைத்ததா, இந்த வெள்ளிக்கிழமைக்குள் சம்மதம் என்று ஒரு வரி எழுதுங்கள், அவ்வளவுதான் அதில் இருந்தது. ஒரு வரி! தயாளினி எட்டிப் பார்த்து, "ஓம் எண்டு போடுங்கோ" என்றாள். மூன்று எழுத்துக்கூட இல்லை. உலகத்தில் இதைவிடச் சின்னப் பதில் கிடையாது.

"எதுக்கும் ஒருக்காக் கேட்டுப் போடுவம்" என்றார் சிவரூபன்.

கனடா அண்ணை சொன்னார்: "உடனை ஓமெண்டால் மதிப்பில்லை. வேறை நாட்டுக்காரரும் கேக்கினம், யோசிச்சுச் சொல்லுறம் எண்டு எழுது." லண்டன் மச்சான் ஒன்றரைப் பக்கத்துக்கு வெள்ளைக்கார மரியாதையில் ஒன்று எழுதி அனுப்பினார்: தாமதத்துக்கு மன்னிப்பு, காலநிலை பற்றி நாலு வரி, அம்மையாரின் குடும்பத்தாரின் சுகம், மீண்டும் மன்னிப்பு, ஓடரைப் பற்றி ஒன்றும் இல்லை. சுவிஸ் சித்தப்பா நித்திரையால் எழும்பி, பெட்டியின் இரகசிய இலக்கத்தைச் சொல்லிவிட்டு, கடிதத்தைப் பூட்டித்தான் அனுப்பவேண்டும் என்றார். திறக்கிற சொல் இன்னொரு கடிதத்தில் வரும் என்று எழுதச் சொன்னார். அந்த இன்னொரு கடிதத்தை அனுப்பச் சொல்லுமுன் திரும்ப நித்திரையாகிவிட்டார்.

மூன்றில் எதை அனுப்புவது?

உங்களுக்கு இப்போது சிவரூபனைத் தெரியும். மூன்றும் போயின. அவரவர் பதில் அவரவர் பெட்டியிலிருந்து, ஒரே விலாசத்தில், ஒரே பின்னேரத்தில் நோர்வேயைச் சென்றடைந்தது. ஒன்று திமிராக, ஒன்று கெஞ்சலாக, ஒன்று பூட்டோடு.

வியாழக்கிழமை கனடா முறை. பெட்டியைத் திறந்தால் அம்மையாரின் அலுவலகத்துப் பாதுகாப்புப் பிரிவிலிருந்து ஓர் அவசரக் கடிதம்: "உங்கள் மின்னஞ்சல் விலாசத்தை வெவ்வேறு நாடுகளைச் சேர்ந்த மூன்று பேர் கைப்பற்றி, உங்கள் பெயரில் எழுதுகிறார்கள் என்று சந்தேகிக்கிறோம். தயவுசெய்து பொலிஸில் முறையிடவும்."

தயாளினி வாசித்துவிட்டு, "வடிவாய்க் கண்டுபிடிச்சிருக்கினம்" என்றாள்.

பகிடி அதோடு முடிந்தது. அன்று பின்னேரம் உலர்த்தும் அறையில் இலை மலையாகக் கிடந்தது. வேலைக்கு வந்த பெண்களில் ஒருத்தி, அருந்ததி, தலைத்துணியை அவிழ்த்து உதறியபடி, "அக்கா, திங்கக்கிழமை வாறதோ விடுறதோ?" என்று கேட்டாள். "அண்ணையிட்டைக் கேட்டனான், கேட்டுச் சொல்லுறன் எண்டவர்."

தயாளினி கையைக் கழுவிவிட்டு உள்ளே போய், பெயரட்டையை எடுத்து, நோர்வேக்கு நேரே அழைப்பு எடுத்தாள். ஒருவரையும் கேட்காமல்! சிவரூபன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். அவர் வீட்டில் இப்படியொரு காட்சி நடந்ததே இல்லை. பள்ளிக்கூடத்து ஆங்கிலத்தில், பிழை பட்டாலும் பின்வாங்காமல், திருடர் ஒருவரும் இல்லை, மூவரும் சொந்தக்காரர்தான் என்று தயாளினி விளக்கினாள். இரண்டும் ஒன்றுதானே என்று அம்மையார் நினைத்திருக்கலாம், கேட்கவில்லை. நாளை மத்தியானத்துக்குள், ஒரே விலாசத்திலிருந்து, ஒரே கம்பனியூடாக, ஒரே ஒரு பதில் வரவேண்டும். வராவிட்டால் வேறு ஆளைப் பார்ப்போம் என்றார்.

வெள்ளிக்கிழமை காலை கஜானி கடை திறக்குமுன் இருவரும் வாசலில் நின்றார்கள்.

"எதை வைக்கிறது, எதை வெட்டுறது? சொல்லுங்கோ அண்ணை, நான் மற்றதுகளை அழிக்கிறன்."

சிவரூபன் கதிரையில் இருந்தார். எழும்பினார். திரும்ப இருந்தார். "அண்ணையை வெட்டினால் அண்ணி அம்மாவுக்குப் போன் எடுத்து அழுவா. சித்தப்பாவை வெட்டினால் வாற மாசம் அவரின்ரை மகளின்ரை கலியாணத்துக்கு எங்களைக் கேக்க மாட்டார். உம்மடை தம்பியை வெட்டினால்…" என்று மனைவியைப் பார்த்து நிறுத்தினார்.

"வெட்டுங்கோ. நான் ஒண்டும் சொல்ல மாட்டன்."

"அதுதான் பயமாய்க் கிடக்கு. சரி, அவனையே வைப்பம் எண்டால், பெண்சாதி சொல்லுக் கேட்டவன் எண்டுவினம்."

"திருவுளச்சீட்டுப் போடுங்கோவன்" என்றாள் கஜானி. எரிச்சலில் சொன்னதை அவர் யோசனையாக எடுத்துக்கொண்டார்.

"போடலாம். ஆனால் சீட்டை ஆர் எடுத்தது எண்டு கேப்பினம்."

மணிக்கூடு ஓடியது. கஜானி இன்னொருவரின் அச்சியந்திரத்தைக் கழற்றி, துடைத்து, பூட்டிக் கொடுத்தும் விட்டாள். தயாளினி கணவனின் முகத்தைப் பார்த்தபடி நின்றாள். அந்தப் பார்வையின் முன்னால், அந்த நெருக்கடியில், கேட்டுச்செய்வார் இனத்தின் வரலாற்றில் முதன்முறையாக, ஒருவருக்குச் சொந்தமாக ஒரு யோசனை உதித்தது.

"பிள்ளை, அவை மூண்டு பேரும் சொல்லாத கம்பனி ஏதும் இருக்கே?"

"கன கம்பனி கிடக்கு அண்ணை."

"எங்கடை ஆக்கள் ஆரும் பாவிக்கிறதோ?"

"எனக்குத் தெரிய ஒருத்தரும் இல்லை."

"நல்லதோ கூடாததோ?"

"ஓம் எண்டு ஒரு கடிதம் போட அது போதும்."

"அப்ப அதைப் போடு. மூண்டையும் வெட்டு. ஒருத்தருக்கும் கூடக்குறைய வரக் கூடாது; மூண்டு பேருக்கும் சரிசமனாய்க் கோவம் வரட்டும்."

பதில் போனது. மத்தியானத்துக்கு முன்பே போனது. "ஓம்" என்பதை ஆங்கிலத்தில் தயாளினியே தட்டினாள். அனுப்பும் பொத்தானை அழுத்துமுன் சிவரூபனின் கை தன்பாட்டில் தொலைபேசியை நோக்கிப் போக, அந்தக் கையை அவள் பிடித்து வைத்துக்கொண்டாள். திங்கட்கிழமை அருந்ததி வேலைக்கு வந்தாள். மாரி முழுவதும் இயந்திரம் இரைந்தது, தயாளினி உதைத்தாள்.

ரொறன்ரோ, லண்டன், சுவிஸ் மூன்றும் இன்று சிவரூபனோடு கதைப்பதில்லை. மூவரும் வாட்ஸ்அப்பில் தங்களுக்குள் ஒரு குழு அமைத்து, முன்னெப்போதும் இல்லாத ஒற்றுமையோடு அவரைப் பற்றிக் கதைக்கிறார்கள். குடும்பம் இவ்வளவு நெருக்கமாக இருந்ததே இல்லை என்று சிவரூபனின் அம்மா எல்லாருக்கும் சொல்லிச் சந்தோஷப்படுகிறார்.

இது சிவரூபனின் கதை, எங்களுக்கென்ன என்று மடித்து வைக்கப் போகிறீர்கள். வையுங்கள். ஆனால் கொஞ்சம் பொறுங்கள். உங்கள் நாக்கு நுனியில் ஏதோ நிற்கிறதே? அந்த நாலாவது கம்பனி எது என்றுதானே? உங்களுக்கும் ஒரு சிறு கடை இருக்கலாம், மகனுக்கு ஒரு தொழில் தொடங்கும் எண்ணம் இருக்கலாம், ஒன்றுமில்லாவிட்டாலும் சும்மா அறிந்து வைக்கலாம் என்று பார்க்கிறீர்கள். அது நல்லதா, என்ன குறை, யார் யார் பாவிக்கிறார்கள், நம்பி எடுக்கலாமா என்று என்னிடம் கேட்கிறீர்கள்.

நான் சொல்லமாட்டேன். சொன்னால் என் சொல்லை நீங்கள் தட்டுவீர்கள், எனக்குக் கோபம் வரும், பிறகு நமக்குள் பேச்சுவார்த்தை இருக்காது.

வேறு யாரிடமாவது கேட்டுப் பாருங்கள்.